மயான காண்டமும் அன்ரிகனியும்: ஒத்திகை முற்றத்திலிருந்து ஒரு நோக்கு

தமிழில் துன்பியல் நாடகம் இல்லை என்று கூறுவோர் உளர். சிலப்பதிகாரம் இருக்க வேறென்ன வேண்டும் என்று அவர்க்கு விடையிறுப்போரும் உளர். இவ்வாதத்தில் இரு திறத்தாரும் ஏட்டையே சான்று காட்டுவர். ஆயின் நாடகம் ஏட்டோடு முடிவதன்று. துன்பியல் நாடகமொன்றைக் கையிலெடுத்து, பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் ஒன்றுகூடி ஒத்திகை பார்க்கும் ஒரு சிறு குழுவின் நிலையிலிருந்து நோக்கும்போது வினாவின் வடிவமே மாறிவிடுகிறது. எவ்வகைத் துன்பத்தை மேடையிற் பார்க்க நாம் பழகியிருக்கிறோம், எவ்வகைத் துன்பத்தைக் கண்டும் காணாதவராய்க் கடந்துபோகிறோம் என்பதே அப்போது கேட்கவேண்டியதாகிறது.

இதனை ஆராய்வதற்கு அளவெட்டியை நிலைக்களனாகக் கொள்ளலாம். அவ்வூரிற் பத்துப் பதினைந்து பேர் கொண்ட பயில்முறைக் குழுவொன்று சொபோக்கிளிஸின் ‘அன்ரிகனி’யை ஒத்திகைக்கு எடுத்துக்கொள்வதாக எண்ணிப் பார்ப்போம். ஊர் இதற்கு அந்நியமானதன்று. மகாகவி எனப் பெயர்கொண்ட து. உருத்திரமூர்த்தி (1927-1971) பிறந்த ஊர் அது. அவருடைய ‘கோடை’ நாதஸ்வரக் கலைஞர் குடும்பமொன்றை மையமாகக் கொண்டது; ‘புதியதொரு வீடு’ கடலில் மாண்டான் எனக் கருதப்பட்ட கணவன் திரும்பிவரும்போது நேரும் அவலத்தைக் கூறுவது. இரண்டும் பா நாடகங்கள். இரண்டும் அ. தாசீசியஸின் நெறியாள்கையில் மேடை கண்டவை. நாதஸ்வரத்தில் என். கே. பத்மநாதனையும் தவிலில் வி. தட்சிணாமூர்த்தியையும் தன்னோடு சேர்த்து உலகுக்குச் சொன்ன ஊரும் அதுவே. பேச்சோசையிலிருந்தே பாவை எடுக்கத் தெரிந்த கவிஞனையும் தாளம் பிசகினால் முகஞ்சுளிக்கும் செவிகளையும் பெற்ற ஊருக்குக் கிரேக்க நாடகம் எட்டாக்கனியாகாது.

கிரேக்கத்தையும் தமிழையும் அருகருகே வைத்து நோக்குவதும் ஈழத்து ஆய்வுலகிற்குப் புதிதன்று. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தவர்கள். ஏதென்ஸின் சமூகத்தையும் ஈஸ்கிலஸின் நாடகங்களையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர் தொம்சன். அவ்வழியில் ஒருவர் வீரயுகப் பாடலையும் மற்றவர் பண்டைத் தமிழரின் நாடகத்தையும் கிரேக்கச் சான்றுகளோடு ஒப்பு நோக்கினர். நூலகத்தில் நடந்த அவ்வொப்பீட்டை ஒத்திகை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் என்ன விளங்கும் என்பதே இங்கு நோக்கப்படுவது.

நாடகத்தின் கதை பலரும் அறிந்ததே. தீபஸ் நகரின் அரசுரிமைக்காக ஈடிப்பஸின் மைந்தர் இருவர் போர்புரிந்து ஒருவரையொருவர் கொன்று வீழ்கின்றனர். நகரைக் காத்து மாண்ட எற்றியோக்கிளிஸுக்கு முழு மரியாதையோடு ஈமக்கடன், அயற்படையைத் திரட்டிவந்து தாக்கிய பொலினைசிஸின் உடலை எவரும் அடக்கஞ் செய்தலாகாது, அழுதலும் ஆகாது, மீறுவோர்க்கு மரணம். இது புதிதாக அரியணையேறிய கிரேயோனின் ஆணை. தங்கையாகிய அன்ரிகனி அவ்வாணையை மீறி அண்ணனின் உடல்மீது மண்ணைத் தூவுகிறாள். பிடிபட்டு உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள். அங்கே அவள் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள, அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட கிரேயோனின் மகன் ஹேமன் தன் வாளுக்கே இரையாகிறான். அதைக் கேட்ட தாய் யூரிடிசியும் இறக்கிறாள். கிரேயோன் மாத்திரம் எஞ்சுகிறான்.

சுடலை, பிணம், உறவு, தடுத்து நிற்கும் சட்டம் என்னும் நான்கும் ஒருசேர வரும் நாடகம் யாழ்ப்பாணத்தார்க்கு முன்னரே தெரிந்ததுதான். காங்கேசன்துறை வசந்தகான சபையின் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடிய ‘மயான காண்ட’த்தை விடிய விடியக் கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நாடகம் பார்க்க வருபவர்கள். அளவெட்டியிலிருந்து காங்கேசன்துறை சில மைல் தொலைவுதான். ஆகவே அளவெட்டிக் குழு ‘அன்ரிகனி’யை எடுக்கும்போது அதன் பார்வையாளர் வெறுங்கையோடு வருவதில்லை, மயான காண்டத்தின் நினைவோடு வருகின்றனர். ஒத்திகை முதலில் எதிர்கொள்ள வேண்டியது இந்த நினைவையே.

இரு நாடகங்களையும் சற்று நெருக்கமாக நோக்குவோம். அரிச்சந்திரன் நாட்டையும் செல்வத்தையும் இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, தானும் விலைப்பட்டு வீரவாகுவின் சுடலையைக் காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சந்திரமதி சுமந்துவருகிறாள். கூலி தராமல் பிணத்தைச் சுடவிட அரிச்சந்திரன் மறுக்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கொண்டு அவளை இனங்கண்ட பின்னரும் கூலியை விட்டுக்கொடுக்க அவன் இசைவதில்லை. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. சுடலைக் காவல் இளிவு. மகனின் சாவு இழவு. மன்னனாயிருந்த பண்டைநிலை கெட்டது அசைவு. கூலிக்கு வழியற்ற நிலை வறுமை. நான்கும் ஒரே களத்தில் ஒரே இரவில் வந்து குவியும் காட்சி தமிழில் இதைப்போல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. இலக்கணத்தைப் பார்த்து எழுதியதுபோல அமைந்துவிட்ட இக்காட்சி தலைமுறை தலைமுறையாக மக்களை அழவைத்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் சுடலையில் இருப்பவர்கள் யார்? கணவனும் மனைவியும் பிணமும் மட்டுமே. ஊர் அங்கில்லை. சட்டத்தைச் செலுத்துபவனும் அதனால் துயருறுபவனும் ஒருவனே. ஆகவே பார்வையாளன் எவர்மீதும் சினங்கொள்ள வேண்டியதில்லை. இறுதியில் ஓங்கிய வாள் மாலையாக மாறுகிறது, தெய்வங்கள் தோன்றுகின்றன, மகன் உயிர்த்தெழுகிறான். இரவு முழுதும் சிந்திய கண்ணீருக்கு விடியுமுன் ஈடு கிடைத்துவிடுகிறது.

‘அன்ரிகனி’யில் எவரும் உயிர்த்தெழுவதில்லை. அதுகூடப் பெரிய வேறுபாடன்று. பெரிய வேறுபாடு, அங்கே ஊர் நின்றுகொண்டிருக்கிறது என்பதே. பதினைந்து முதியவர்கள் தொடக்கத்தில் அரங்கினுள் வருகின்றனர். நாடகம் முடியும்வரை அகல்வதில்லை. ஆணை பிறப்பிக்கப்படுவதையும் பெண் இழுத்துவரப்படுவதையும் மகன் மன்றாடுவதையும் அவள் குகைக்குக் கொண்டுசெல்லப்படுவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கின்றனர். அவர்களிடம் மேலோங்கி நிற்கும் மெய்ப்பாடு அழுகையன்று, அச்சம். அச்சத்தின் நிலைக்களன்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் அணங்கையும் விலங்கையும் கள்வரையும் சொல்லி, நான்காவதாக இறையை, அதாவது தம்மை ஆளும் மன்னனை, வைத்தார். பேயும் புலியும் திருடனும் நிற்கும் வரிசையில் ஆள்பவனுக்கும் இடமளித்த அந்நுண்மை நம் உரைகளில் உரிய அழுத்தம் பெறவில்லை. துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்ப வேண்டும் என்றார் அரிஸ்ரோட்டில். அவ்விரண்டில் நம் மேடை ஒன்றை மிக நன்றாகப் பயின்றிருக்கிறது. மற்றதைப் பயின்றது குறைவு.

இக்குறைக்குக் காரணங்களுள் ஒன்று நம் நவீன நாடகத்தின் பிறப்பிலேயே உண்டு. மேலைத் துன்பியல் நமக்குக் கிரேக்கத்தின் வழியாக அன்றி ஷேக்ஸ்பியரின் வழியாகவே முதலில் வந்தது. சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெற்’றை ‘அமலாதித்தன்’ ஆக்கினார். அவரது செல்வாக்கால் உந்தப்பட்ட கலையரசு க. சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை அமைத்தார். கல்வியும் உத்தியோகமும் உடையோர் கூச்சமின்றி மேடையேற இச்சபைகளே வழிதிறந்தன. அதற்காக ஈழத்து நாடகம் அவற்றுக்குக் கடமைப்பட்டுள்ளது. விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ 1926இல் வெளிவந்து ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டியது. ஆயின் ஷேக்ஸ்பியரிடம் கிரேக்கப் பாணியிலான குழாம் இல்லை. தலைவன் தனித்து நின்று நெடுமொழி பேசுவான். அதனால் துன்பியல் என்றாலே தலைமை நடிகனின் குரல்வளமும் முகபாவமும்தான் என்றொரு எண்ணம் வேரூன்றிவிட்டது. இன்றும் சிறு குழுக்களில் வேடம் பகிரும் மாலையில் இதைக் காணலாம். நல்ல குரலுடையவனுக்குத் தலைமைப் பாத்திரம், அடுத்தவனுக்கு எதிர்ப்பாத்திரம், வசனம் மனனமாகாதவர்கள், வேலை முடிந்து பிந்தி வருபவர்கள், புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் ‘கோரஸ்’. ‘அன்ரிகனி’யை இவ்வாறு பகிர்ந்தால் ஒத்திகை தொடங்கும் முன்னரே நாடகம் செத்துவிடும்.

ஏதென்ஸில் நிலைமை இதற்கு நேர்மாறானது. குழாத்தில் ஆடிப் பாடியவர்கள் தொழில்முறை நடிகரல்லர், நகரின் குடிமக்கள். அவர்களைப் பயிற்றும் செலவைச் செல்வர் ஒருவர் ஊருக்குச் செய்யும் கடமையாக ஏற்றார். கவிஞனே பெரும்பாலும் ஆசானாக நின்று பயிற்றினான். பேசும் நடிகரைச் சொபோக்கிளிஸ் மூவராக்கினார் என்றும் குழாத்தைப் பன்னிருவரிலிருந்து பதினைவராக உயர்த்தினார் என்றும் கூறுவர். ‘அன்ரிகனி’யில் பேசும் தனிப்பாத்திரங்கள் எட்டு, அவையனைத்தையும் முகமூடி மாற்றி மூவரே தாங்கினர். எனவே ஒத்திகையின் பெரும்பகுதி குழாத்துக்கே உரியதாயிருந்திருக்கும். பயில்முறைக் குழு என்பது துன்பியலுக்குக் கீழ்ப்பட்ட கருவி எனக் கருதுவோர் இதைக் கவனித்தல் நன்று.

நம் கூத்திலும் இதற்கு இணையானது உண்டு. மட்டக்களப்பு மரபில் அண்ணாவியார் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, சதங்கையணி விழாவைக் கடந்து, அரங்கேற்றம் வரையில் மாதக்கணக்காக நடப்பது ஊரே கூடிச் செய்யும் பயிற்சி. ஆடுவோர் உழவரும் மீனவரும் கூலியாட்களுமே. களரியைச் சுற்றி ஊர் இருக்கும். பிற்பாட்டுக்காரர் ஆடுபவனின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவர். இம்மரபைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரிடம் கொண்டுசென்றவர் அளவெட்டிக்கு அயலூராகிய தெல்லிப்பழையிற் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என அறுபதுகளில் அவர் தயாரித்தவற்றுள் ‘இராவணேசன்’ இங்கு குறிப்பிடத்தக்கது. சி. மௌனகுருவின் ஆக்கமும் ஆட்டமும் கொண்ட அது, இராவணனை அரக்கனாகக் காட்டாமல் தன் வீழ்ச்சியைத் தானே தேடிச்செல்லும் பெருவீரனாகக் காட்டியது. மாணவர் குழுவொன்று கூத்தின் உடலில் துன்பியலின் உயிரை ஏற்றமுடியும் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் அங்கும் துயர் தலைவனுக்கே உரியது. பிற்பாட்டுக்காரர் அவனோடு சேர்ந்து பாடுவர். அவனைப் பார்த்து வாய்மூடி நிற்பதில்லை. ‘அன்ரிகனி’யின் முதியோரிடம் நம் பிற்பாட்டைக் கொடுக்கலாம். ஆனால் பாடும் இடங்களைப் பயிற்றுவதைவிடப் பாடாத இடங்களைப் பயிற்றுவதுதான் அங்கே கடினம்.

அவ்விடங்கள் எவை என்பதைப் பிரதியை வைத்தே காணலாம். வைகறையில் வெற்றியைப் பாடிக்கொண்டு முதியோர் வருகின்றனர். போரை மறப்போம், இரவெல்லாம் கோயில்தோறும் சென்று ஆடுவோம் என்பது அவர்கள் பாட்டின் கருத்து. போர் ஓய்ந்த ஊர் திருவிழாவைத் தேடுவது எங்கும் உள்ளதே. அப்போது கிரேயோன் வந்து ஆணையைக் கூறுகிறான். இறந்தோர்மீதும் இருப்போராகிய எம்மீதும் எச்சட்டத்தையும் செலுத்தும் வலிமை உமக்குண்டு என்கின்றனர். ஆணை சரியென்று சொல்லவில்லை. வலிமை உண்டென்றே சொல்கின்றனர். அவ்வாணைக்குக் காவலராய் நில்லுங்கள் என்றதும், இப்பாரத்தை எம்மிலும் இளையோர்மேற் சுமத்துக என நழுவுகின்றனர். சங்கக் கூட்டத்தில் பொறுப்பெடுக்கச் சொன்னதும் எழுந்து நின்று இதைக் கூறாத பெரியவர் நம் ஊர்களில் எவர்? இங்கே பார்வையாளர் சிரிப்பர். சிரிக்கவும் வேண்டும்.

பின்னர் காவலன் வருகிறான். பிணத்தின்மீது யாரோ மண் தூவிவிட்டனர் என்னும் செய்தியைக் கொண்டுவரும் அவன், வரும் வழியெல்லாம் நின்று நின்று தன்னோடு தானே வாதிட்டு வந்ததைக் கூறுவான். நம் கட்டியகாரனின் சாயல் அவனிடம் நன்றாக உண்டு. கூத்துப் பார்த்து வளர்ந்த எந்த இளைஞனும் இப்பாத்திரத்தை ஊதித்தள்ளுவான். செய்தியைக் கேட்டதும் முதியோர் தலைவர் இது தெய்வச் செயலாயிருக்கக்கூடும் என்று மெல்லச் சொல்கிறார். முதுமையோடு மடமையையும் காட்டாதே எனக் கிரேயோன் சீறுகிறான். அத்தோடு அவர் அடங்கிவிடுகிறார். ஹேமன் தந்தையிடம் வாதிடும்போது, ஊரார் இருட்டில் அப்பெண்ணுக்காக முணுமுணுக்கின்றனர் என்கிறான். அவ்வூரார் பதினைவர் பக்கத்திலேயே நிற்கின்றனர். அவர்கள் கூறுவதோ, இருவர் பேச்சும் நன்று என்பது. இந்த ஒரு தொடரைப் பயிற்றுவதற்கு ஒரு மாலை முழுவதையும் செலவிட்டாலும் தகும். அன்ரிகனி இறுதியாக அவர்களிடம் விடைபெறும்போது ஒரு வாயால் புகழ்கின்றனர், மறுவாயால் கடிந்துகொள்கின்றனர். தன்னை ஏளனஞ் செய்வதாக அவள் உணர்கிறாள். குருட்டு நிமித்திகனாகிய தைரீசியஸ் சபித்துவிட்டுப் போனபின்னர்தான், பெண்ணை விடுவி, பிணத்தை அடக்கஞ் செய் என்று அவர்கள் வாய்திறக்கின்றனர். கிரேயோன் உடனே இசைகிறான். முன்னரே சொல்லியிருந்தால் இசைந்திருப்பானா என்பதற்கு நாடகத்தில் விடையில்லை. அக்கேள்வியை எழுப்பாத தயாரிப்பு எவ்வளவு அழகாயிருப்பினும் குறைபட்டதே.

அளவெட்டியில் இந்நாடகம் வெறும் கிரேக்கக் கதையாக நின்றுவிடாது என்பதை விளக்கவேண்டியதில்லை. 1990இல் காங்கேசன்துறைப் பகுதி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்தது. கோப்பாயிலிருந்த துயிலும் இல்லம் இடித்தழிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2011இல் இராணுவப் படைப்பிரிவொன்றின் தலைமையகம் திறக்கப்பட்டது. இவற்றை அறிந்த பார்வையாளன் பிணத்தை அடக்கஞ் செய்யத் தடைவிதிக்கும் கிரேயோனைக் கண்டதும் அவனுக்கு உடனே ஒரு பெயரைச் சூட்டிவிடுவான். நெறியாளனும் அதற்கேற்பச் சீருடையொன்றை மாட்டிவிட்டால் கைதட்டு நிச்சயம். ஆனால் சொபோக்கிளிஸ் எழுதியது அதுவா? அங்கே இறந்துகிடப்பவர்கள் அந்நியனும் உள்ளூரானும் அல்லர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவனை ஒருவன் கொன்றவர்கள். ஒருவனுக்கு மாலை, மற்றவனுக்கு நாயும் பருந்தும்.

அந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்கு நினைவு வரவேண்டிய ஆண்டு 1986. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழீழ விடுதலை இயக்கத்தினரை விடுதலைப் புலிகள் தாக்கிக் கொன்றனர்; ஆண்டின் இறுதியில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணிக்கும் அதுவே நேர்ந்தது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகள். கொல்லப்பட்டவர்களுக்கு எந்தத் துயிலும் இல்லத்தில் இடமிருந்தது? அவர்களுக்காக எந்த முற்றத்தில் உரத்து அழமுடிந்தது? படலைக்கு வெளியே வராமல் ஊர் நின்ற நிலைக்கு ஒரு மேடை வடிவம் உண்டெனில் அது தீபஸ் முதியோரின் குழாமே. கிரேயோனை ஒரு தரப்பின் உருவமாக மட்டும் காட்டினால் அக்குழாத்துக்கு வேலையில்லை. பார்வையாளன் அன்ரிகனியோடு தன்னை ஒன்றாக்கிக்கொண்டு, தூய்மையடைந்தவனாய் வீடு திரும்புவான். மயான காண்டத்தில் தெய்வம் வந்து செய்த வேலையை இங்கே கைதட்டு செய்துவிடும்.

ஆகவே குழுவிலுள்ள மிகச் சிறந்த நடிகனிடம் ஒப்படைக்க வேண்டியது கிரேயோன் பாத்திரம். அவன் பக்கத்திலும் நியாயமுண்டு. நேற்றுவரை முற்றுகையிலிருந்த நகரம். அயற்படையைக் கூட்டிவந்து பிறந்த மண்ணைக் கொளுத்த முயன்றவன் தன் மருமகனேயாயினும் அவனுக்குச் சலுகை காட்டினால் சட்டம் என்னாவது என்று அவன் கேட்பது மதியீனமன்று. ஒத்திகையில் முதல் சில நாள்களாவது அன்ரிகனியாக நடிப்பவரையும் கிரேயோனாக நடிப்பவரையும் இடம்மாற்றிப் பேசவைத்துப் பார்ப்பது பயன்தரும். தன் பிழையை உணரும் இடத்திலும் கிரேயோனைப் பாண்டியன் நெடுஞ்செழியனோடு ஒப்பிடுவது விளக்கந் தரும். தானே கள்வன் என்று அறிந்த கணத்தில் பாண்டியன் உயிர் நீங்குகிறது. அச்சாவு வளைந்த கோலை நிமிர்த்திவிடுகிறது. கிரேயோனுக்கு அப்பேறு கிட்டவில்லை. மகனின் உடலைத் தாங்கி வந்து, மனைவியின் சாவையுங் கேட்டு, சாவை வேண்டி நின்றும் சாகாமல் உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறான். பாண்டியனைப்போல் அவனை வீழ்த்திக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை தமிழ் நெறியாளனுக்கு எழும். அடக்கிக்கொள்ள வேண்டிய ஆசை அது.

மொழியைப் பொறுத்தவரை மகாகவி வழி திறந்து வைத்திருக்கிறார். யாப்பை விடாமலே யாழ்ப்பாணத்தார் பேசுவதுபோற் பேசும் பா அவர் கைவந்தது. கிரேக்கப் பெயர்களை உச்சரிக்கத் தொடங்கியதும் செந்தமிழில் விறைத்துப்போகும் மொழிபெயர்ப்புகளைவிட அத்தகைய பா இக்குழுவுக்குப் பொருந்தும். இசையில் எச்சரிக்கை வேண்டும். அளவெட்டியில் இசையைத் தேடி அலையவேண்டியதில்லை. வேண்டாதபோது நிறுத்துவதே தொல்லை. அன்ரிகனி குகைக்குச் செல்லும் காட்சியில் ஒப்பாரியைச் சேர்த்தால் முற்றம் முழுதும் அழுதுவிடும். ஆனால் கிரேயோனின் ஆணைப்படி அழுவதே குற்றமாயிற்றே. எவர் துணிந்து ஒப்பாரி வைப்பார்? ஒரு தவில் மாத்திரம் தொலைவில், சொற்கட்டின்றி, நடைபோல் ஒலித்தால் போதும். அதுவும் நின்றுவிடும்போது முதியோரின் மூச்சுக் கேட்க வேண்டும். மண்டபத்தின் திரையையும் வண்ண விளக்கையும்விட மாலை வெளிச்சத்தில் பாடசாலை முற்றமோ கோயில் வீதியோ இதற்கு ஏற்றது. கிரேக்கர் பகலிலேயே நடித்தனர். பார்ப்போர் முகம் பார்ப்போருக்குத் தெரியும்.

இளைஞர்களே முதியோராக நடிப்பதில் ஒரு தவறு எளிதில் நேரும். முதுகை வளைத்து, தடியூன்றி, குரலை நடுக்கி விடுவர். முதுமையன்று அங்கே நடிக்கவேண்டியது. தப்பிப் பிழைத்தவனின் முன்னெச்சரிக்கை. அதனை எந்த வயதினரும் அறிவர்.

நாடகத்தின் நடுவே ஓரிடம் உண்டு. வாசிப்பில் எளிதாகத் தவறிவிடும். ஹேமன் சினந்து வெளியேறிய பின்னர், அன்ரிகனி, இஸ்மினி ஆகிய சகோதரியர் இருவருமே சாவர் என்று கிரேயோன் முழங்குகிறான். அப்போது முதியோர் தலைவர் ஒரு வினாக் கேட்கிறார்: இருவரையுமா கொல்ல எண்ணுகிறீர்? கிரேயோன் ஒரு கணம் நின்று, நீ கேட்டது சரி, கைதொடாதவளை விட்டுவிடுகிறேன் என்கிறான். இஸ்மினி பிழைத்துக்கொள்கிறாள். நாடகம் முழுவதிலும் கிரேயோனின் வாயிலிருந்து ஓர் உயிர் மீட்கப்படுவது இந்த ஒரு முறைதான். அதை மீட்டது வீரமும் வாதமும் அன்று, தணிந்த குரலில் கேட்கப்பட்ட ஒரு வரி வினா. வேடம் பகிரும் மாலையில் இவ்வரி பெரும்பாலும் பிந்தி வந்தவனுக்குப் போய்ச்சேரும். அளவெட்டிக் குழு இதனை யாரிடம் கொடுக்கும், அவர் கேட்பதற்கு முன் எத்தனை நொடி தயங்குவார், மற்றைய பதினால்வரும் அந்நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பர் என்பவற்றை முதல் நாள் ஒத்திகையிலேயே தீர்மானித்துக்கொண்டால் எஞ்சிய காட்சிகளை அமைப்பது அவ்வளவு கடினமன்று.